லைலா விடாத இடம்

மிதுஷாவுக்குச் சமையல் வராது, கார் ஓட்ட வராது, உறவுக்காரர் கல்யாணத்தில் பல்லைக் காட்டிப் பேசவும் வராது. ஜாஸ் பியானோ வரும். அதுவும் பாதிதான் தன்னுடையது, மீதி லைலாவுடையது என்பாள்.

துறைமுகத்துப் பக்கம் ஒரு ஹோட்டலில் இருவரும் வருஷக்கணக்கில் ஒரே பியானோவில் சேர்ந்து வாசித்தவர்கள். யாழ்ப்பாணத்து வீட்டுப் பெண்ணும் தமிழ் முஸ்லிம் வீட்டுப் பெண்ணும் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்காருவதை வேடிக்கை பார்க்கவே கூட்டம் வரும். அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒருத்தி ஒரு வரி வாசித்துவிட்டுக் கையை எடுத்துவிடுவாள். அந்த இடம் மற்றவளுக்கு. அவள் அதில் என்ன பதில் வைப்பாள் என்று முன்கூட்டிப் பேசிக்கொள்ளவே மாட்டார்கள்.

கணவருக்கு வேலை மாறி லைலா கடல் தாண்டிப் பெர்த் நகரத்துக்குக் குடிபோனாள். அதன்பிறகு மிதுஷா தனியாக வாசித்தாள் என்று சொன்னால் அது பொய். ஒரு வரி வாசிப்பாள், கை தானாக எழுந்து நிற்கும், பதில் வராது, பிறகு அடுத்த வரிக்குப் போவாள். மேனேஜர் ஷஃபீக் நல்ல மனுஷன். "அக்கா, நடுவுல நடுவுல நிக்குதே. கஸ்டமர் முடிஞ்சிருச்சுன்னு கை தட்டிடுறாங்க லா," என்று ஒருநாள் பயந்து பயந்து சொன்னார். அவளுக்கு முகம் சுண்டிப்போனது. ஆனால் கையை மாற்றிக்கொள்ள முடியவில்லை, மனமும் இல்லை.

போன மாதம் லைலா போன் செய்தாள். "ஆல்பம் போடுவோம்டி, நம்ம ரெண்டு பேரும். நான் இங்க வாசிச்சு அனுப்புறேன், நீ அது மேல வாசி." மிதுஷாவுக்குத் தலைகால் புரியவில்லை. மறுபடியும் அந்தப் பெஞ்சில் தனக்கு ஒரு பக்கம் இருக்கிறது!

பாட்டுகள் வந்த அன்று, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் இருந்த தன் மாடிவீட்டில் ஜன்னலைச் சாத்தினாள். தொழுகைக்கான பாங்கு ஓயும்வரை பொறுத்திருந்து ஹெட்ஃபோனை மாட்டினாள். லைலாவின் முதல் வரி முடிந்தது. மிதுஷா கையை வைக்கப் போனாள். அதற்குள் லைலாவே பதிலையும் வாசித்துவிட்டாள். அடுத்த வரியிலும் அப்படியே. கடைசிப் பாட்டுவரை தேடினாள், விரல் நுழைய இடமில்லை. நான் இல்லாமல் இவளுக்கு நன்றாகவே நடக்கிறது என்று தோன்றியது.

உடனே கூப்பிட்டாள். "எனக்கு எங்கடி இடம்?"

"விட்டிருக்கேனே, நல்லா கேளு."

"நீயே கேளு."

லைலா அங்கே போட்டுக் கேட்டாள். பிறகு அவள் குரல் உடைந்து வந்தது. "சத்தியமா விட்டேன்னுதான் நெனச்சேன்டி. இங்க எனக்கு யாரு இருக்கா? நீ என்ன வாசிப்பேன்னு நெனச்சு நெனச்சு, அதையும் நானே வாசிச்சுப் பழகிட்டேன்."

மிதுஷா இன்னொரு தரம் கேட்டாள். ஆமாம், பதில்கள் அத்தனையும் தன்னுடையவை. கொஞ்சம் தாமதமாக வந்து, வந்ததும் அவசரப்படும் தன்னுடைய கெட்ட பழக்கம்கூட மாறாமல் இருந்தது.

"இடம் விட்டுத் திரும்ப வாசிச்சு அனுப்புறேன்டி," என்றாள் லைலா.

"வேணாம். ரெண்டு பேர் பேரையும் போட்டு அப்படியே வெளியிட்டுடு," என்றாள் மிதுஷா. "நல்லாத்தான்டி வாசிச்சிருக்கேன்."