வெடிக்கு முன்னால் ஒரு சத்தம்

எண்பதுகளின் நடுவில் நான் திண்டுக்கல்லில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் டீச்சராக இருந்தேன். ஒரு நாள் காலை பக்கத்து லாட்ஜ் மேனேஜர் ஒரு வெள்ளைக்காரரைக் கூட்டிக்கொண்டு படியேறி வந்தார். அவர் தோளில் கனமான டேப் ரெக்கார்டர், கையில் மைக். ஐரோப்பாவில் ஏதோ ஒரு வானொலியின் நிருபராம். மதுரையிலிருந்து வர வேண்டிய மொழிபெயர்ப்பாளருக்குக் காய்ச்சலாம்.

"நம்ம தெருவுல இங்கிலீஷ் பேசுற ஆளு நீங்கதான் டீச்சர். இன்னைக்கு ஒரு நாள் போயிட்டு வந்துருங்களேன்" என்றார் மேனேஜர்.

அணு ஆயுதப் போரைப் பற்றி உலகம் முழுக்கச் சாதாரண ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்று நிருபர் ஒரு நிகழ்ச்சி தயாரித்துக்கொண்டிருந்தார். இதுவரை யாரும் மைக் நீட்டாத இடத்துக்குப் போக வேண்டும் என்றார். எனக்குத் தெரிந்தவரை எந்தத் திசையில் போனாலும் அப்படிப்பட்ட இடம்தான். டாக்ஸிக்காரர் குஜிலியம்பாறைப் பக்கம் வண்டியை விட்டார்.

மானாவாரிக் கடலைக்காட்டில் ஓர் அம்மா களையெடுத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். நிருபர் கேட்டதைத் தமிழில் சொன்னேன்: "ரெண்டு பெரிய நாட்டுக்காரங்ககிட்ட அணுகுண்டு இருக்கும்மா. அவங்க சண்டை போட்டா உலகமே அழிஞ்சிரும்ங்கிறாங்க. உங்களுக்குப் பயமா இருக்கான்னு கேக்குறாரு."

"குண்டா? வெடியச் சொல்றாரா?" அவர் களைக்கொத்தை நீட்டித் தூரத்தில் தெரிந்த கரட்டை, ஒரு மொட்டைப் பாறைக் குன்றைக் காட்டினார். அங்கே ஒரு கல்குவாரி இருந்தது. "பயமில்லாம என்ன? அவுக வெடி வைக்கையில வீடே ஆடுது தாயி. செவரு பூரா விரிசல். மருமக மாசமா இருக்கா. யாருகிட்டப் போயிச் சொல்ல?"

இவர் குவாரியைப் பற்றிப் பேசுகிறார் என்று நிருபரிடம் சொன்னேன். புரிந்துதான் தலையாட்டினாரா, காதில் விழாமலே ஆட்டினாரா, தெரியவில்லை. நிறுத்தாதீர்கள், மேலே கேளுங்கள் என்று கை காட்டினார்.

நான் மறுபடி விளக்கினேன். "இந்தக் குவாரி இல்லம்மா. அது எங்கேயோ தூர தேசத்துல."

"எங்கேயோ வெடிச்சா எங்க வீட்டுச் செவரு ஏன் விழுகணும்?"

அவருக்குக் கேள்வி புரியவில்லையா, என்னைவிட நன்றாகப் புரிந்துவிட்டதா என்று நான் குழம்பிப்போனேன். அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த நாடுகளின் தலைவர்களுக்கு நீங்கள் என்ன சொல்ல விரும்புகிறீர்கள் என்று நிருபர் கேட்கச் சொன்னார்.

"அவுகளுக்கும் புள்ளகுட்டி இருக்கும்ல? வெடிக்கிறதுக்கு முன்னால ஒரு சத்தம் குடுக்கச் சொல்லுங்க. நாங்க செத்த நேரம் வெளிய வந்து நின்னுக்கிருவோம்."

எந்தத் தலைவர்களுக்குச் சொன்னார், குவாரிக்காரர்களுக்கா, அந்த இரண்டு நாட்டுக்காரர்களுக்கா? சொன்னதைச் சொன்னபடி மொழிபெயர்த்தேன்.

நிகழ்ச்சி எந்தக் கிழமை, எந்த அலைவரிசையில் வரும் என்று நிருபர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இன்ஸ்டிடியூட்டுக்குக் கீழே தோல் வியாபாரம் செய்த பாயிடம் பெரிய ரேடியோ ஒன்று இருந்தது. குவாரிக் கதையை அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன். அந்தக் கிழமை சாயங்காலம் அவர் கடையில் உட்கார்ந்து கேட்டோம். குரல்கள் அலை போல எழும்பி எழும்பித் தேய்ந்தன. ஜப்பான் என்றார்கள், ஜெர்மனி என்றார்கள். திடீரென்று அந்த அம்மாவின் குரல். இரண்டே வார்த்தை. அதை அமுக்கிக்கொண்டு என் ஆங்கிலம்: வெடிப்பதற்கு முன்னால் ஒரு சத்தம் கொடுக்கச் சொல்லுங்கள். அதற்குப் பின் ஒரே இரைச்சல்.

"என்னம்மா, கல்குவாரின்னு ஒரு வார்த்தையும் வரலையே?" என்றார் பாய்.

"அந்த எடத்துலதான் இரைச்சல் வந்துருச்சு பாய்."

"இரைச்சலா, வெட்டிட்டாங்களா?"

"தெரியலையே."

உண்மையில் அது இன்றுவரை எனக்குத் தெரியாது.

சில வாரம் கழித்து அந்த அம்மா விசாரித்துக்கொண்டு இன்ஸ்டிடியூட்டுக்கே வந்துவிட்டார். மருமகளைப் பெரியாஸ்பத்திரியில் காட்ட வந்தாராம். வந்ததும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"சொல்லு போயிச் சேந்துருச்சு தாயி! இப்பெல்லாம் வெடி வைக்கிறதுக்கு முன்னால விசில் ஊதுறாக. செவப்புக் கொடி காட்டுறாக."

ஐரோப்பா ரேடியோவில் வந்ததை இந்தக் கரட்டில் யார் கேட்டிருப்பார்கள்? அதிகாரி யாராவது வந்திருப்பார், வேறு யாராவது புகார் கொடுத்திருப்பார்கள் என்று சொல்லிப் பார்த்தேன்.

"யாரு குடுத்தா? எங்க ஊர்ல ஒருத்தரும் குடுக்கலையே" என்றார் அவர்.

ரேடியோவால் இல்லை என்று அடித்துச் சொல்லவும் முடியவில்லை, ஆமாம் என்று சொல்லவும் கூச்சமாக இருந்தது.

"அந்தச் செவத்து விரிசலுக்கும் ஒரு வார்த்தை சொல்லி விட்ருங்க" என்றார்.

நான் தமிழ் மெஷினில் காகிதத்தைச் செருகி, தாசில்தாருக்கு ஒரு மனு அடித்தேன். வாசித்துக் காட்டியபோது திருப்தியாகக் கேட்டுக்கொண்டார். கைரேகை வைக்கும்போது கேட்டார்: "இதுவும் ரேடியோவுல போகுமா?"

"இல்லம்மா, தபால்ல."

"தபால்லயா?" முகம் சட்டென்று வாடிவிட்டது. ஆனாலும் என் மனம் நோகக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, "சரி, அதுலயும் போட்டு வைங்க" என்றார்.

மனுவுக்குப் பதில் வரவில்லை. மருமகளின் பிரசவத்துக்கு முன்னால் அவர் மகனே மண் குழைத்துச் சுவரைப் பூசிவிட்டதாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.