பூண்டிக்கு அப்பால் சத்தமில்லாத பதினான்கு கிலோமீட்டர்

1993ஆம் வருடம், தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்து ஐம்பதுக்குப் பட்டாபிராமில் நானும் என் மனைவி ஸ்டெல்லாவும் திருவள்ளூர் ரயிலில் ஏறினோம். டிக்கெட் தலைக்கு மூன்று ரூபாய். ஞாயிறு பூசை தவறக் கூடாதென்று முந்தின நாள் மாலைப் பூசைக்கே போய் வந்திருந்தோம். அப்படியும் எனக்கு மனசு சரியில்லை. ஸ்டேஷனுக்கு வரும்போதே, நெமிலிச்சேரி வீட்டைப் பூட்டினேனா என்று பாதி வழியில் திரும்பிப் போய்ப் பார்த்தேன். பூட்டித்தான் இருந்தேன்.

நாங்கள் ஊர் சுற்றப் போகவில்லை. ஸ்டெல்லாவுக்குக் கிராம நர்ஸ் வேலைக்கு உத்தரவு வந்திருந்தது. பூண்டிக்கு அந்தப் பக்கம் மலையடியில் ஒரு துணை சுகாதார நிலையம். சுற்றி ஐந்து சிற்றூர்கள், ஐந்துக்கும் சைக்கிளில் போய்வர வேண்டும். வாரத்தில் ஆறு நாள் அங்கேயே தங்க வேண்டும். சேர்கிறேன் அல்லது மாட்டேன் என்று மறுநாள் திங்கட்கிழமை எழுதிக் கொடுத்தாக வேண்டும். மாட்டேன் என்றால் அடுத்த உத்தரவு வருமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன். அவள் படித்து வாங்கிய வேலையைப் போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "மொதல்ல ரோட்டப் பாத்துடலாம்" என்றேன். ரோடு மோசமாக இருந்தால் அதுவே என் சார்பில் சொல்லிவிடும் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு.

ஆறரைக்குத் திருவள்ளூர். ஸ்டேஷனுக்கு வெளியே வாடகை சைக்கிள் கடை அப்போதுதான் திறந்தது. நாள் வாடகை வண்டிக்குப் பன்னிரண்டு ரூபாய்.

"ரெண்டு வண்டிக்கு ரெண்டு வாச்சு கயட்டி வெச்சிட்டுப் போ அண்ணாத்தே. நீ யாரோ, நான் யாரோ" என்றார் கடைக்காரர்.

"பிரேக்கு புடிக்குமா?"

"பூண்டி ரோட்டுல பிரேக்கு இன்னாத்துக்கு? எதிர்ல காத்துதான் வரும்."

இரண்டு கைக்கடிகாரங்களும் அவர் மேசை டிராயருக்குள் போயின. எனவே இதற்குமேல் நான் சொல்லும் நேரமெல்லாம் வெயிலைப் பார்த்துச் சொல்வதுதான்.

பூண்டி வரை பன்னிரண்டு கிலோமீட்டர் பஸ்ஸில் போனோம். சைக்கிள்களைக் கூரையில் ஏற்றிக் கட்ட ஆளுக்கு இரண்டு ரூபாய் தனி. கண்டக்டர் ஸ்டெல்லாவைப் பார்த்து, "சைக்கிள வெச்சிகினு பஸ்ல வரீங்க. நாளைக்கி பஸ்ஸ வெச்சிகினு ரயில்ல போவீங்களாம்மா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. நான் மட்டும் கூரைக் கயிற்றை நினைத்துக்கொண்டிருந்தேன்.

பூண்டி ஏரி நிரம்பியிருந்தது. தண்ணீர்மேல் பனி இன்னும் விலகவில்லை. எங்கே தண்ணீர் முடிகிறது, எங்கே வானம் ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. கரையோரம் நின்ற கொக்குகள் ஒன்றுமில்லாததன்மேல் நிற்பதுபோல நின்றன. அங்கே ஒரு கடையில் இட்லி சாப்பிட்டோம், நான்கு இட்லி இரண்டு ரூபாய். பிறகு சீத்தஞ்சேரி போகும் சாலையில் வண்டியை விட்டோம்.

நான் லாரிகளை எண்ணுவதென்று முடிவு செய்திருந்தேன். எஸ்டேட் வாசலில் தினமும் லாரிக்கு நடுவே சைக்கிள் ஓட்டுகிறவனுக்கு வேறென்ன எண்ணத் தெரியும்? முதல் மூன்று கிலோமீட்டரில் ஒரு பால்காரர், ஒரு மாட்டுவண்டி. அதன்பிறகு காடு தொடங்கியது. அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

அந்த ஒன்றுமில்லாததை எப்படி எழுதுவது? சைக்கிள் செயின் ஓடும் சத்தம் எனக்கே புதிதாகக் கேட்டது. ஸ்டெல்லாவின் வண்டி மட்கார்டு ஒரு மாதிரி முனகியது, என்னுடையது வேறு மாதிரி. சாலை மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கி, மறுபடி ஏறியது, தூங்குகிறவர் மூச்சுவிடுகிற மாதிரி. இருபுறமும் செம்மண் குன்றுகள். அருகே போய்ப் பார்த்தால் குன்று முழுக்க உருண்டைக் கூழாங்கற்கள், யாரோ சிமெண்டில் குழைத்து வைத்ததுபோல. ஒரு ஆறு ஓடி ஓடிக் களைத்து, எழுந்து நின்று மலையாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். சரியான காரணம் படித்தவர்களுக்குத் தெரியும்.

"எத்தினி லாரி வந்துச்சு?" என்று கேட்டாள் ஸ்டெல்லா. அவள் சைக்கிள் கற்று நான்கு மாதம்தான் ஆகிறது, ஆனால் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

"இன்னும் வரல."

"மூஞ்சப் பாத்தா நூறு லாரி வந்த மாதிரி கீது."

உண்மைதான். லாரி வராதது எனக்கு வேறு பயத்தைக் கொண்டுவந்திருந்தது. இந்த ரோட்டில் இவள் தனியாக விழுந்தால்? தூக்க ஆள் ஏது? ஒரு மணி நேரமாக ஒரு மனித முகமில்லை. சீத்தஞ்சேரிக்கு முன்னால் இடது பக்கம் பிரிந்த மண் பாதையில் திரும்பினோம். அவளிடம் இந்தப் பயத்தையே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. ரோடு நல்ல ரோடுதான், ஆள் இல்லை, அதனால் வேண்டாம். பேச்சைத் தயாராக்கிக்கொண்டே மிதித்தேன்.

பூண்டியிலிருந்து பன்னிரண்டாவது கிலோமீட்டர் இருக்கும். பெரிய இறக்கம். ஸ்டெல்லா கொஞ்சம் கொஞ்சமாகப் பிரேக்கைப் பிடித்து விட்டு, பிடித்து விட்டு இறங்கினாள். எங்கள் பக்கத்தில் மேடு என்றால் ஏரிக்கரை ஒன்றுதான். அதனால் பிரேக்குக்குப் பதில் காலைத் தரையில் தேய்த்து நிறுத்துவதுதான் எனக்குப் பழக்கம். இங்கேயும் அப்படித்தான் செய்தேன். கால் கூழாங்கல்லில் மாட்டியது. வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

ஸ்டெல்லா வண்டியைப் போட்டுவிட்டு மேட்டில் ஏறி ஓடிவந்தாள். முழங்கால் கிழிந்திருந்தது. அவள் பையைத் திறப்பதற்குள் குன்றுக்கு மேலிருந்து ஒரு குரல்.

"உயுந்தது வண்டியா, ஆளா?"

"ரெண்டும்மா!" என்றாள் ஸ்டெல்லா.

புதர்களை விலக்கிக்கொண்டு ஆடு மேய்க்கும் அம்மா ஒருவர் இறங்கிவந்தார். பின்னாலேயே ஏழெட்டு ஆடுகள். கீழே வளைவுக்கு அப்பாலிருந்து ஆண்குரல் ஒன்று, "இன்னாக்கா, யாருக்கு இன்னா?" என்றது.

"பட்டணத்து ஆளுடா! காலு முறியல! தண்ணி எட்த்தா!" என்று அந்த அம்மா திருப்பிக் கத்தினார். அதற்கும் தள்ளி இன்னொரு குரல் முதல் குரலிடம் ஏதோ கேட்டது, அதற்கும் பதில் போனது. மலை முழுக்க என் முழங்காலைப் பற்றிப் பேச்சாக இருந்தது.

"எங்கயோ மேல இருந்தீங்க, எப்பிடிம்மா தெரிஞ்சிது?" என்று கேட்டேன்.

"இங்க ஒரு காஞ்ச எல உயுந்தா எனுக்குக் கேக்கும் நைனா. நீ பாத்திரக்கட சாஞ்சா மாதிரி உயுந்தா கேக்காதா?"

இளைஞர் ஒருவர் சொம்பில் தண்ணீரோடு ஓடிவந்தார். ஸ்டெல்லா காயத்தைக் கழுவினாள், மருந்து தடவினாள், துணியைச் சுற்றினாள். அந்த அம்மா அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதமா கட்ற தாயி. புச்சா ஒரு நர்சம்மா வரப்போவுதுன்னாங்களே. நீதானா அது?"

ஸ்டெல்லா என்னைப் பார்க்கவில்லை. முடிச்சை இறுக்கினாள். "ஆமாம்மா."

"எப்ப வர?"

"ஒன்னாந்தேதி."

அந்தத் தேதியை அவள் என்னிடம் அதுவரை சொல்லியிருக்கவில்லை.

"அப்போ இவுரு யாரு?"

நானே சொன்னேன்: "நர்சம்மா ஊட்டுக்காரரு."

மீதி இரண்டு கிலோமீட்டரும் அவர்கள் எங்களோடு நடந்தே வந்தார்கள். துணை சுகாதார நிலையம் ஒற்றை அறைக் கட்டடம். பூட்டியிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தோம்: ஒரு கட்டில், ஒரு எடை பார்க்கும் மெஷின், சுவரில் பல்லி. ஸ்டெல்லா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். குன்றின் நிழல் கட்டடத்தின்மேலிருந்து ஒரு போர்வைபோல விலகிக்கொண்டிருந்தது. நான் தயாராக்கியிருந்த பேச்சு எங்கே போனதென்று தெரியவில்லை.

திரும்பும்போது எல்லா இறக்கத்திலும் இறங்கித் தள்ளிக்கொண்டே வந்தேன். இந்த வழியில் போக நினைப்பவர்களுக்கு நான் சொல்வது அவ்வளவுதான்: போங்கள், ஆனால் பிரேக் பார்த்து வண்டி எடுங்கள்.

வண்டிகளைக் கொடுத்துக் கடிகாரங்களை வாங்கிக்கொண்டு, பொழுது சாயத் திருவள்ளூரில் ரயிலேறினோம். முறுக்கு விற்கிறவர், சீட்டாட்டம், கதவில் தொங்குகிறவர்களின் கூச்சல். இந்தக் கூட்டத்தில் ஒருவர் மயங்கி விழுந்தாலும் பக்கத்துப் பெட்டிக்குத் தெரியாது. இத்தனை காலம் இந்தச் சத்தத்தைத்தான் துணை என்று நான் எண்ணியிருந்தேன்.

வேப்பம்பட்டில் ரயில் நின்றபோது ஸ்டெல்லா கேட்டாள்: "ஒன்னுமே சொல்லலியே நீங்க?"

சொல்ல நிறைய இருந்தது. பாம்பு, மழைக்காலம், அந்தப் பூட்டு உறுதியானதா, ராத்திரிக்கு விளக்கு. எல்லாவற்றையும் விட்டுவிட்டு, "சனிக்கெழம அங்கேர்ந்து கடைசி பஸ்ஸு எத்தினி மணிக்கு?" என்றேன்.

"அஞ்சே முக்காலுக்கு. கேட்டுட்டேன்."

"அத்த வுட்டுட்டா?"

"வுட்டுட்டா அடுத்த நாளு காலைல வரேன். அதுக்குள்ள அழுவாதீங்க."

மறுநாள் எஸ்டேட்டுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு அவளோடு போனேன். அவள் கையெழுத்துப் போடும்போது பக்கத்திலேயே நின்றேன். பேனா எழுதுமா என்பதை மட்டும் முன்னாலேயே என் உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்துக்கொண்டேன்.