மொட்டை வள்ளியும் என் கத்தியும்

1. கேட்கக் கூடாது

திருத்தணி குளக்கரையில் இருந்த மொட்டைக் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நான் திட்டு வாங்கினேன். அதற்கு முன் அரக்கோணத்தில், ரயில்வேக்காரர்கள் வரும் சலூனில் கிராப் வெட்டிக்கொண்டிருந்தேன். அங்கே ஆள் நாற்காலியில் உட்கார்ந்ததும், "எப்படி வெட்டட்டும் சார், மிஷின் போடட்டுமா?" என்று கேட்பதுதான் மரியாதை. அந்தப் பழக்கத்தில், குளத்தில் தலையை நனைத்துவிட்டு என் பலகையில் வந்து உட்கார்ந்த ஒரு பெரியவரிடம், "மொட்டைதானுங்களே?" என்று கேட்டுத் தொலைத்தேன். அவர் தலையை ஒருமுறை தடவிப் பார்த்தார். "வூட்ல ஒரு வார்த்த கேட்டுகினு வந்துட்றேன்" என்று எழுந்து போனவர் போனவர்தான்.

பக்கத்துப் பலகையில் இருந்த மேஸ்திரி நரசிம்மலு இதைப் பார்த்துவிட்டார். தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிக்கிற மனிதர். கோபம் வந்தால் மட்டும் முழுக்கத் தமிழ்.

"இன்னாடா கன்னியப்பா, சாமிக்கு வந்த தலைய திருப்பி அனுப்சிட்ட? இது சலூன் இல்ல நைனா. ஈரத்தலையோட பலகைல குந்திட்டா அது சாமியோட தலை. கேக்காத. கேட்டா மனசு மாறிப்பூடும். அரோகரான்னு சொல்லு, உச்சில கத்திய வையி, நெத்திக்கு இழு. ஒரு இழுப்பு வுழுந்துட்ச்சின்னா அப்பறம் ராஜாவா இருந்தாலும் எழுந்து போ மாட்டான்."

அவர் சொன்னது அனுபவ உண்மை. முடி கொடுக்கிறேன் என்று வேண்டிக்கொள்ளும்போது இருக்கிற தைரியம், கத்தியைக் கண்டதும் பாதிப் பேருக்கு இருக்காது. அன்றிலிருந்து நான் வாயைத் திறப்பதில்லை. ஈரத்தலை வந்தால் அரோகரா, அவ்வளவுதான்.

2. தாய்மாமன் மடி

மறு ஆடிக் கிருத்திகைக்குள் நான் கொட்டகையில் நல்ல கையாகிவிட்டேன். அது உலகச் சண்டைக் காலம். அரிசிக்குக் கஷ்டம், மண்ணெண்ணெய்க்குக் கண்ட்ரோல். இருந்தும் கிருத்திகை என்றால் ஜனம் அடங்குமா? ரேணிகுண்டா ரயிலில் தெலுங்குக்காரர்கள், பட்டணத்து ரயிலில் தமிழர்கள், திருவாலங்காட்டுப் பக்கமிருந்து கட்டுச்சோற்று மூட்டையோடு மாட்டுவண்டிகள். அப்போது நாங்கள் சித்தூர் ஜில்லா. குளக்கரையில் எந்த மொழியில் வைதாலும் வாங்குகிறவனுக்குப் புரியும். பம்பைச் சத்தம் ஒரு பக்கம், காவடிகள் ஒரு பக்கம். அந்த நாளில் வேலை செய்வது எனக்குக் கல்யாண வீட்டில் ஓடியாடுவது போலத்தான்.

கத்தியைத் தோல்பட்டையில் இரண்டு தேய் தேய்த்துவிட்டு அடுத்த தலை என்று போய்க்கொண்டிருந்தேன். ஒருவர் வந்து பலகையில் உட்கார்ந்தார். இடுப்புவரை முடி, சொட்டச் சொட்ட ஈரம். மலையைப் பார்த்துக் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். பெரிய வேண்டுதல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அரோகரா சொல்லி, உச்சியிலிருந்து நெற்றிவரை ஒரே இழுப்பு.

"அண்ணா, இன்னாண்ணா இது?"

பின்னால் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் நின்றாள். நாகம்மா என்று பெயர். வந்து உட்கார்ந்தவர் அவளுடைய அண்ணன் ஏகாம்பரம்.

"கொழந்தைக்குத்தாங்க மொட்ட. தாய்மாமன் மடில வெச்சி எடுக்கணும்னு அண்ணன இட்டாந்தோம். சுத்தபத்தமா முழுவிட்டு குந்துண்ணான்னேன். நான் பால் குட்த்துட்டு வர்றதுக்குள்ள மாமன் தலைய எட்த்துட்டீங்களே" என்றாள்.

ஏகாம்பரம் மெதுவாகத் தலையில் கை வைத்தார். விரல் வெறும் தோலில் பட்டது. "சாயங்காலம் நான் வள்ளிங்க" என்றார்.

அவர் கூத்தில் பெண் வேஷம் கட்டுகிறவர். அந்த முடி அவருக்குச் சோறு. மலையடிவாரத்தில் கிருத்திகைக் கூட்டத்துக்கு முன்னால் ஆட அவர்கள் கூத்து ஜமாவுக்கு அதுதான் முதல் அழைப்பு. வள்ளி சரியில்லை என்றால் அடுத்த வருஷம் யார் கூப்பிடுவார்கள்? குழந்தை மட்டும் மாமன் தலையில் விழுந்திருந்த பாதையைப் பார்த்துச் சிரித்தது.

மேஸ்திரி ஓடிவந்தார். பாதியில் நிறுத்துவது சாமிக்கு ஆகாது என்றார். ஏகாம்பரமே, "எடுங்க, இன்னும் இன்னாத்துக்கு?" என்று தலையைக் குனிந்தார். நான் எடுத்து முடிக்கும்வரை அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு மருமகனை மடியில் வாங்கினார். குழந்தைக்கும் எடுத்தேன்.

"எடுத்த முடிய குட்த்தீங்கன்னா டோப்பா கட்டிக்குவேன்" என்று கேட்டார். மேஸ்திரி அசையவில்லை. "அது இனிமே முருகனுது. தொடக் கூடாது."

நாகம்மா முன்னால் வந்தாள். "மேஸ்திரி அண்ணா, வள்ளி யாருங்க?"

"இன்னாமா கேள்வி இது? அவரு சம்சாரம்."

"சம்சாரம் தலைல முடியில்லாம தவிச்சிகினு கீறா. புருசங்காரரு ஒரு சாயங்காலத்துக்கு எரவல் தரமாட்டாருங்களா? காலைல கொண்டாந்து குட்த்துட்றோம்."

மேஸ்திரி மலையைப் பார்த்தார், கீழே கிடந்த முடியைப் பார்த்தார். அவர் மீசைக்குள் சிரிப்பு வந்துவிட்டது. "ஆங், புருசன் பொண்டாட்டி வெவகாரத்துல நாம யாரு? காலைல வந்து சேரணும், தெலிசிந்தா?"

முடி கிடைத்தது, கட்டுவது யார்? குளக்கரைப் பூக்காரப் பெண்கள்தான் கைகொடுத்தார்கள். "கனகாம்பரம் கட்ற கைக்கு முடி கட்ட வராதா?" என்று வாழைநாரை நனைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். நான் முடியைச் சீவிப் பிடி பிடியாகக் கொடுக்க, அவர்கள் பூத்தொடுப்பது போலவே தொடுத்தார்கள். அந்தச் சரங்களைப் பழைய முண்டாசுத் துணியில் வைத்துத் தைத்தேன். வருகிற போகிறவர்கள் எல்லாம் நின்று என்ன என்று கேட்டார்கள், சொன்னோம். சாயங்காலத்துக்குள் மலை மேலும் கீழும் கதை பரவிவிட்டது. ஜட்கா வண்டிக்காரர் ஒருவர் தன் விளக்கெண்ணெயைக் கொண்டுவந்து கட்டின முடிக்குப் பூசிப் பளபளவென்று ஆக்கிக் கொடுத்தார்.

3. யானை வந்த கட்டம்

பெட்ரோமாக்ஸுக்கு எண்ணெய் குறைவு என்பதால் பொழுது சாயும்போதே ஆட்டம் ஆரம்பம். முன்வரிசையிலிருந்து கடைசிவரை சந்தனம் பூசிய மொட்டைகள்தான். பாதிக்கு மேல் எங்கள் கொட்டகை வேலை. பார்க்கப் பெருமையாக இருந்தது.

ஏகாம்பரம் வந்து தினைப்புனம் காத்தார். கட்டின முடி என்று யாரும் சொல்ல முடியாது. பூக்காரப் பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். பிறகு யானை வந்தது. வள்ளி பயந்து ஓடிக் கிழவர் வேஷத்தில் இருந்த முருகனைக் கட்டிக்கொள்ள வேண்டும். கிழவர் வேஷம் கட்டியவர் நாகம்மாவின் புருஷன், ஏகாம்பரத்துக்குப் பாவா. கட்டிக்கொண்டதில் முடி பாவாவின் சணல் தாடியில் சிக்கியது. வள்ளி விலகினாள், முடி விலகவில்லை.

விளக்கு வெளிச்சத்தில் வள்ளியின் மொட்டை. பம்பைக்காரர்கூடக் கையை நிறுத்திவிட்டார். நான் முருகா என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

ஏகாம்பரம் தலையைத் தடவினார். கூட்டத்தை இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை பார்த்தார். வள்ளியின் குரல் மாறாமல், இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "இன்னாத்துக்கு அப்டி பாக்கறீங்க? ஊரு ஜனம் பூரா எங்க வூட்டுக்காரருக்கு முடிய குட்த்துட்டு குந்திகினு கீது. கட்டிக்கப் போறவ நான் குடுக்கக் கூடாதா?"

அப்போது எழுந்த அரோகரா மலை மேல் கேட்டிருக்கும். பக்கத்தில் மேஸ்திரி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், சிரித்ததாலா அழுததாலா என்று தெரியவில்லை. எண்ணெய் தீர்ந்து விளக்கு மங்கியபோதும் யாரும் எழுந்திருக்கவில்லை.

காலையில் ஏகாம்பரம் முடியைத் தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து நான் மேஸ்திரியின் விதியை மீறினேன். ஒவ்வொரு ஈரத்தலையிடமும், "உங்களுக்குங்களா, கொழந்தைக்குங்களா?" என்று கேட்ட பிறகுதான் கத்தியை எடுப்பேன். சிலர் எழுந்து போனார்கள்தான். மேஸ்திரி முறைப்பார்.

அடுத்த ஆடிக் கிருத்திகைக்குக் காதை மறைக்கிற அளவுக்கு வளர்ந்த முடியோடு ஒருவர் என் பலகையில் வந்து உட்கார்ந்தார். ஏகாம்பரம். நான் கத்தியைத் தூர வைத்துவிட்டு, "கொழந்த எங்கங்க?" என்றேன்.

"கொழந்த இல்லிங்க, எனக்குத்தான். மொட்ட வள்ளி வந்தாத்தான் கூத்து வெப்போம்ன்றாங்கோ."

கேட்டால் மனசு மாறும் என்று மேஸ்திரி சொன்னது சரிதான். ஆனால் கேட்ட பிறகும் உட்கார்ந்திருக்கிறவன் தானாகத் தலையைக் குனிந்து கொடுக்கிறான். அந்தத் தலையில் என் கத்தி ஒருநாளும் கீறியதில்லை.