ஆடி கழியட்டும் என்றேன்

முதல் ஷிப்ட் முடித்து, கம்பெனிச் சட்டையோடு, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு என் தம்பி டீ குடித்த அந்தப் பிற்பகல் இன்னும் கண்முன் நிற்கிறது. பென்னலூரில், சாலையோரக் கடை. எதிரே கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. அவன் ஒரகடத்தில் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசர். நான் பதிவுத் துறையில் முப்பது ஆண்டுகள் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். அவன் கேட்டபடி உயில் எழுதி எடுத்துப் போயிருந்தேன்.

தம்பிக்குக் குழந்தை இல்லை. அவன் மனைவியின் தங்கை பிரசவத்தில் இறந்து, அவள் கணவன் வேறு கல்யாணம் செய்துகொண்டு போனபோது, அந்தப் பெண் குழந்தையை இவர்கள்தான் எடுத்து வளர்த்தார்கள். முறைப்படி தத்து எடுக்கச் சொல்லி நான் ஓயாமல் சொன்னேன். "எம் பொண்ணுக்கு நான் அப்பான்னு சொல்ல எவன் கையெழுத்துண்ணா வேணும்?" என்று சிரிப்பான். மனைவி இறந்த பிறகுதான் அவனுக்குப் பயம் வந்தது. எங்களுக்குப் பெற்றோரும் இல்லை, வேறு உடன்பிறப்பும் இல்லை. அவனுக்கு ஏதாவது ஆனால் படப்பை வீடு சட்டப்படி எனக்கு வரும், அவளுக்கு வராது என்று நானே விளக்கியிருந்தேன்.

"இப்பவே போட்டுடறேன். டீக்கடைக்காரரு ஒரு சாட்சி, அவரு தம்பி ஒரு சாட்சி" என்றான்.

"ஆடி மாசத்துல எவனாவது உயில்ல கையெழுத்து போடுவானாடா? கழியட்டும். ஆவணியில நாள் பார்த்து ரிஜிஸ்டரே பண்ணிடலாம்."

"இன்னாண்ணா, எமனுக்கும் ஆடியில லீவா?"

கடைக்காரரும் சிரித்தார். வெறும் வெள்ளைத்தாளில், இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டாலே உயில் செல்லும். எத்தனையோ பேருக்கு இதைச் சொன்னவன் நான். சொந்தத் தம்பியின் சாவைத் தாளில் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை என்பது ஒன்று. நான் வேலை பார்த்த அலுவலகத்திலேயே அதைப் பதிய வேண்டும் என்ற பெருமையும் இருந்தது. தாளை மடித்து என் பையில் வைத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள், தொழிற்சாலையில் உற்பத்தி லைனில் நின்றிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். ஆடி இன்னும் முடியவில்லை.

காரியம் முடிந்த அன்று அவள் வந்து கேட்டாள்: "பெரிப்பா, அப்பா எனக்குன்னு எதனா எழுதி வெச்சாரா?" என் மகன்கள் இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். "இல்லம்மா" என்றேன். கையெழுத்தில்லாத தாள் உயில் ஆகாது, ஆகவே நான் சொன்னது பொய்யில்லை என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வீடு என் பெயருக்கு மாறியது. அவளுக்கே அதைத் தானமாக எழுதிக் கொடுத்திருக்கலாம். எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. "இப்ப இன்னாப்பா அவசரம்?" என்றார்கள் மகன்கள். அந்தக் கேள்வி எனக்கும் வசதியாக இருந்தது. இரண்டு வருடம் கழித்து அவர்கள் விற்க ஏற்பாடு செய்தபோது, பத்திரத்தில் கையெழுத்திட்டவன் நான்தான்.

அவள் இப்போது தண்டலத்தில் வாடகை அறையில் இருந்துகொண்டு தொழிற்சாலை வேலைக்குப் போகிறாள். பொங்கலுக்கு என்னைப் பார்க்க வருவதை நிறுத்தவில்லை. போன முறை சொன்னாள்: "வூடு போனதுகூட இல்ல பெரிப்பா. என்னைப் பத்தி அவருக்கு ஒரு நெனப்பே வரலியேன்னுதான் கஷ்டமா கீது." அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். காபி ஆறிப்போகிறது, குடி என்றேன்.

நேரில் சொல்லத் துணியாததை இங்கே எழுதுகிறேன். அன்று டீக்கடையில் அவன் அந்தத் தாளை வரி விடாமல் படித்தான். 'என் வளர்ப்பு மகள்' என்று எழுதியிருந்தேன். என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, 'வளர்ப்பு' என்ற சொல்லை அடித்துவிட்டுத்தான் தாளைத் திருப்பித் தந்தான்.