இரண்டே பேர் குடியிருந்த வீடு

ஜோசப்பினுக்கு வேலை கிடைத்த கதையை யார் தொடங்கினாலும் என் மனைவி இராஜேஸ்வரி குறுக்கே விழுந்து, "நான் பிழையாய் ஒண்டும் சொல்லேல்லை" என்பாள். அதனால் அவள் கடைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து நானே சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூற்று மூன்றில், கனடாவில் பார்க்டேல் என்ற இடத்தில் இரண்டு அறை அப்பார்ட்மென்ற் ஒன்றில் ஏழு பேர் இருந்தோம். வாடகைப் பத்திரத்தில் இருந்ததோ நானும் இராஜேஸ்வரியும் மட்டுந்தான். பத்திரத்தில் இல்லாதவர்களில் மன்னாரில் இருந்து வந்த அமிர்தநாதரும் அவருடைய மகள் ஜோசப்பினும் அடக்கம். கட்டட ஒஃபிஸில் இருந்து ஒரு வெள்ளைக்காரி அடிக்கடி ரெலிபோன் எடுத்து வீட்டில் யார் யார் என்று விசாரிப்பாள். அவளுக்குச் சொல்வதற்கென்று ஒரு வசனம் வைத்திருந்தோம்: "நோ, ஒன்லி டூ பீப்பிள்." அதை இராஜேஸ்வரிக்குப் பழக்கினதே ஜோசப்பின்தான். குசினியில் அடுப்புக்கு முன்னால் நிற்கவைத்து, "அன்ரி, சிரிக்காமல் சொல்லுங்கோ, சிரிச்சால் பிடிச்சுப்போடுவினம்" என்று திரும்பத் திரும்பச் சொல்லவைத்தாள்.

ஜோசப்பின் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்தாள். வாய்க்காரி, அவசரக்காரி. பஸ்ஸில் போனாலும் கட்டடங்களையே பார்த்துக்கொண்டு போய், இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டு நடந்து வருவாள். எங்கள் சாப்பாட்டு மேசை முழுக்க அட்டையால் வீடு கட்டி வைத்திருப்பாள். நாங்கள் நிலத்தில் இருந்து சாப்பிடுவோம். எனக்கு எரிச்சல்தான். ஆனால் அந்த அட்டை வீட்டு யன்னலுக்குள்ளால் ஒருதரம் எட்டிப் பார்க்காமல் நான் படுக்கப் போனதில்லை.

அவளுடைய படிப்பில் நாலு மாதம் வகுப்பு, நாலு மாதம் ஏதாவது ஒரு ஒஃபிஸில் சம்பளத்துக்கு வேலை. அந்த வேலையும் படிப்போடு சேர்த்தி. கிடைக்காவிட்டால் படிப்பு பின்னுக்குப் போகும். அந்த நேரம் பார்த்து இங்கே கட்டட வேலையெல்லாம் படுத்துக் கிடந்தது. படித்து முடித்தவர்களையே வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எங்கெல்லாமோ விண்ணப்பித்தும் கிங் ஸ்ட்ரீட்டில் ஒரு சின்ன ஒஃபிஸில் மட்டுந்தான் அவளைக் கூப்பிட்டுப் பேசினார்கள். இன்னொரு ஆளையும் பார்த்திருப்பதாகவும், இருவரில் யாருக்கு வேலை என்று வெள்ளிக்கிழமை ரெலிபோனில் சொல்வதாகவும் பொஸ் சொன்னாராம்.

அந்த வெள்ளிக்கிழமை காலை முதல் ஜோசப்பின் ரெலிபோனை விட்டு அசையவில்லை. பின்னேரம் ஒரு நிமிஷம், காய்ந்த உடுப்பை எடுக்கக் கீழே போனாள். நான் வேலையால் வர, அவள் கூடையோடு வர, இருவரும் ஒன்றாகத்தான் வீட்டுக்குள் நுழைந்தோம். வாசலிலேயே இராஜேஸ்வரி நின்றாள். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"பிள்ளை, அந்த வெள்ளைக்காரி இண்டைக்கு உன்ர பேரையே சொல்லிக் கேட்டவள். நான் விடுவனே? நீ பழக்கின மாதிரிச் சிரிக்காமல் சொன்னனான். நோ ஜோசப்பின், ஒன்லி டூ பீப்பிள்!"

கூடை கீழே விழுந்தது. "ஐயோ அன்ரி, அதுதான் என்ர பொஸ்!"

"பொஸ் எண்டால் ஆம்பிளை எண்டெல்லோ நினைச்சன்?"

ஜோசப்பின் திருப்பி எடுத்துப் பார்த்தாள். லைன் பிஸி. "மற்ற ஆளுக்கு எடுக்கிறா!" என்று கத்திக்கொண்டு படியால் ஓடினாள். "நானே வந்து சொல்லுறன்" என்று இராஜேஸ்வரி வீட்டுச் சட்டைக்கு மேல் என் குளிர்கோட்டைக் கொழுவிக்கொண்டு பின்னால் ஓடினாள். எனக்கு வேறு என்ன வழி? நானும் ஓடினேன். பாய்ந்து ஏறின ஸ்ட்ரீட்கார் பாதி வழியில் வாகன நெரிசலில் நின்றுவிட்டது. இறங்கி மீண்டும் ஓட்டம். நெஞ்சு வாய்க்குள் வந்துவிட்டது, ஆனால் உண்மையைச் சொன்னால் கனடா வந்த பிறகு நான் அவ்வளவு சந்தோசமாக ஓடினதில்லை.

ஒஃபிஸில் அந்தப் பெண்மணி ரெலிபோனைக் காதில் வைத்தபடி இருந்தார். மறுமுனையில் மணி மட்டும் அடித்துக்கொண்டிருந்தது போல. இராஜேஸ்வரி மேசைக்கு முன்னால் போய் நின்று, "சொறி மேடம், ஐ ரெல் லை. ஜோசப்பின் மை ஹவுஸ்!" என்றாள்.

அவர் ரெலிபோனை வைத்தார். எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்படியென்றால் அந்த வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார்.

"ஒன்லி டூ" என்றாள் இராஜேஸ்வரி, பழக்கதோஷம்.

ஜோசப்பின் ஒருதரம் என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். "செவன்" என்றாள்.

ஏழு பேர் இரண்டு அறையில் எப்படிப் படுக்கிறீர்கள் என்று அவர் கேட்டதுதான் தாமதம், ஜோசப்பின் அங்கே கிடந்த பென்சிலை எடுத்து ஒரு தாளில் எங்கள் வீட்டைக் கீறத் தொடங்கிவிட்டாள். அது அப்பா படுக்கிற மூலை, இது பகலில் சுருட்டுகிற மெத்தை, இங்கே அன்ரியின் சாமிப் படம் இருக்கிற அலுமாரி. அந்தப் பெண்மணி கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தார். பழைய அப்பார்ட்மென்ற்களைத் திருத்துகிற வேலை தன் கையில் இருக்கிறது, திங்கட்கிழமை வா என்றார். ஜோசப்பின் இராஜேஸ்வரியைக் கட்டிப்பிடித்துத் தூக்கினாள். என் கோட்டு கிழிந்தது.

கொஞ்ச நாள் கழித்து, பக்கத்துத் தெருவில் இருக்கும் புனிதவதி என்ற பெண் மீன்கடையில் இராஜேஸ்வரியிடம் தன் வீட்டில் நடந்த புதினம் ஒன்றைச் சொன்னாளாம். கதவைத் தட்டினார்கள், திறந்தால் தலையில் கட்டட வேலைக்காரரின் வெள்ளைத் தொப்பி, கையில் அளவு நாடாவோடு ஒரு இளம் பெட்டை. பின்னால் ஒரு வெள்ளைக்காரன். அவர்கள் வாய் திறக்க முன்பே இவள், "ஒன்லி த்ரீ பீப்பிள்" என்று சொல்லிவிட்டாள். வாசலில் பத்துப் பன்னிரண்டு சோடியாய்க் கிடந்த சப்பாத்துக் குவியலை அந்தப் பெட்டை ஒருதரம் பார்த்தது. பிறகு தமிழில் மெல்லச் சொன்னதாம்:

"பயப்பிடாதேங்கோ அக்கா. நான் சுவரை அளக்கத்தான் வந்தனான். ஆக்களை எண்ண வரேல்லை."