வெள்ளிக்கிழமை வாடி

கேதீஸ்வரனை முதல் நாளே நான் நம்பவில்லை. ஆலையடிவேம்பு ஆள், சாய்ந்தமருதில் ஹமீட் காக்கா என்ற முஸ்லிம் முதலாளியின் மீன்பிடி வள்ளத்தில் வேலை. நாற்பது வயதில் கல்முனைக்கு வந்து, எங்கள் சபையில் ஞானஸ்நானம் கேட்டான்.

ஞானஸ்நான வகுப்பை இருபது வருடமாக நான்தான் நடத்துகிறேன். எத்தனை பேரைக் கண்டவள்! சுனாமிக்குப் பிறகு வீடு கிடைக்கும் என்று வந்தவர்கள், கூரை ஏறியதும் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. இவன் நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினான். அதுவே எனக்கு உறுத்தியது.

கடல் கொந்தளித்த இரண்டு ஞாயிறும் வகுப்புக்கு வந்தான். பிறகு ஆளைக் காணோம். அந்த நேரம் பார்த்து, சபைப் பையன் நிரோசன் ஒரு கதை கொண்டுவந்தான்.

"ரீச்சர், வெள்ளிக்கிழம ஜும்மா தொழுகை நேரம் கேதீஸ் அண்ணன் தோய்ச்ச சேட்டும் போட்டுக்கொண்டு பள்ளிவாசல் ஒழுங்கையால போறார்."

இரண்டு பக்கமும் இடம் பிடித்து வைக்கிறான் என்று முடிவு கட்டினேன். போதகர் என் அபிப்பிராயம் கேட்டிருந்தார். 'ஞானஸ்நானத்துக்குத் தகுதியில்லை, வேறு மார்க்கத்தில் நாட்டம்' என்று கடிதம் எழுதிக் கைப்பையில் வைத்தேன். கையும் களவுமாகப் பிடித்துவிட்டுக் கொடுக்கலாம் என்று, அடுத்த வெள்ளி ஆட்டோ பிடித்துச் சாய்ந்தமருதுக்குப் போனேன்.

கடைகள் பூட்டிக் கிடந்தன. கேதீஸ்வரன் வந்தான். பள்ளிவாசலைத் திரும்பியும் பார்க்காமல் கடற்கரைக்குப் போய், வலை வைக்கும் வாடிக்குள் நுழைந்து கதவைச் சாத்தினான். பட்டப்பகலில் உள்ளே என்ன வேலை? கசிப்புச் சாராயம் குடிக்கிறானோ? ஓலைக் கிடுகுச் சுவரில் காதை வைத்தேன். நெடுநேரம் முணுமுணுப்பு மட்டும் கேட்டது.

"என்ன தேடுறீங்க, தங்கச்சி?"

தொழுகை முடிந்து தொப்பியோடு நின்றார் ஹமீட் காக்கா. வெட்கத்தில் முகம் சுட்டது. கேதீஸ்வரனின் ரீச்சர் என்றேன்.

"அவன் உள்ளுக்குத்தான் இரிக்கான். வெள்ளிக்கிழம நாங்க கடலுக்குப் போறல்ல. ஞாயிறு லீவு கேட்டான், வள்ளத்துக்கு ஆள் காணாது, ஏலாதெண்டுட்டன். அப்ப நீங்க பள்ளிக்குப் போற நேரம் வாடியத் தாங்க, என்ட ஞாயித்துக்கிழம ஜெபத்த இங்க வெச்சுக்கிறன் எண்டான். நாலு மாசமா ஒரு வெள்ளி தப்பல்ல."

இந்தக் கரையில் பிறந்து வளர்ந்தவள் நான். வெள்ளியில் வள்ளம் இறங்காது என்பது எனக்குத் தெரியாததா? சந்தேகம் கண்ணை மறைத்துவிட்டது.

கதவு திறந்தது. என்னைக் கண்டதும் கேதீஸ்வரனின் முகம் மலர்ந்தது.

"ரீச்சர்! நான் விட்ட பாடத்தச் சொல்லித்தரவா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"ஓம், அதுக்குத்தான்" என்றேன்.

அவன் சாக்கை உதறி விரித்து, பாடக் கொப்பியைத் திறந்து எதிரே உட்கார்ந்தான்.

"போன ஞாயிறு எந்தப் பாடம் ரீச்சர்?"

பத்துக் கட்டளைகளில் ஒன்பதாவது. பிறர்மேல் பொய்ச்சாட்சி சொல்லக்கூடாது என்பது. மடியில் இருந்த கைப்பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, அதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.