கோடிக்கால் வீடு

இந்த ஐப்பசியில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. மூன்று வருஷமாகத் தவறாமல் வந்துகொண்டிருந்தது. இந்த முறையும் ஏரி நிரம்பியது, நாலு நாள் விடாமல் மழை அடித்தது, ஆனாலும் ஹாலில் ஒரு சொட்டு இல்லை. குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்குக் கும்பிடும் கைகளைப் போட்டுத் தள்ளினார்கள். நான் ஒன்றும் போடவில்லை. எனக்கு அவளைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. பார்த்தால் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். சொன்ன பிறகு அவள் என்னோடு பேசுவாளா என்று தெரியாது. அதற்குப் பயந்துதான் ஆறு மாதமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் எங்கள் காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்தவள். ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில், ஓர் ஏரிக்குக் கீழே, பன்னிரண்டு வீடுகள் கொண்ட அடுக்குமாடி எங்களுடையது. நாங்கள் தரைத்தளம். சுவரை ஒட்டி ஒரு வாய்க்கால், அதன் கரையில் வரிசையாக எட்டு வீடுகள், பாதி ஓடு, பாதி சிமெண்ட் ஷீட். மூன்றாவது அவளுடையது. என் சமையலறை ஜன்னலைத் திறந்தால் அவள் துணி உலர்த்தும் கயிறு தெரியும். காலையில் எங்கள் படிக்கட்டைப் பெருக்கிவிட்டு, ஷேர் ஆட்டோ பிடித்து அம்பத்தூரில் ஒரு கம்பெனிக்கு ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போவாள். அவள் புருஷன் செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு குடோனில் லோடு ஏற்றுகிறவர்.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். எனக்கு வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. வந்த புதிதில் அவள் என்னை மேடம் என்பாள், நான் அவளை ஏம்மா என்பேன். படிக்கட்டில் எதிரே பார்த்தால் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான் பழக்கம்.

முதல் வெள்ளம் வந்த அன்று காலை ஏழு மணி இருக்கும். மழை கொஞ்சம் விட்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே அவள் குரல் கேட்டது.

"மேடம், கோடி போவுது. சீக்கிரம்."

எங்கள் ஊரில் கோடி என்றால் செத்தவர் மேல் போர்த்துகிற புதுத்துணி. அவர்கள் வீட்டில் யாரோ போய்விட்டார்கள், இந்த மழையில் இவள் என்னைத் தேடிச் சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"யாருக்கும்மா?" என்றேன், குரலைத் தாழ்த்தி.

"யாருக்கா? ஏரிக்கு."

"ஏரிக்கு எதுக்கு கோடி?"

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, புத்தி பிசகியவளைப் பார்க்கிற பார்வை. "ஏரி ரொம்பி கோடி போவுதுன்றேன், நீ இன்னா யாருக்குன்னு கேக்கற. சாமானெல்லாம் மேல ஏத்து மொதல்ல."

ஏரி நிரம்பி மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறுவதை இந்தப் பக்கத்தில் கோடி போகிறது என்கிறார்கள். அந்தத் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் கோடிக்கால். நாங்கள் அதை மறுகால் பாய்வது என்போம். மறுகால் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் துள்ளி எழுந்து கட்டில் மேல் சாமான் ஏற்றியிருப்பேன். தமிழ் படித்து, நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு, பக்கத்து வீட்டுத் தமிழ் புரியவில்லை.

என் வீட்டுக்காரர் முந்தின நாளே வாசலில் மணல் மூட்டை அடுக்கி, அதைப் போட்டோ வேறு எடுத்து வைத்திருந்தார். அவள் அதைப் பார்த்துச் சிரித்தாள். "வாசல்ல எங்க வரப் போவுது? மொதல்ல கக்கூசுலதான் வரும்." சொன்னவள் எங்கள் பழைய போர்வையைக் கிழித்துச் சுருட்டி குளியலறை ஓட்டைகளில் அடைத்தாள். கிரைண்டர் கல்லைத் தூக்கி மேலே வைத்தாள். பிரிட்ஜை எல்லோருமாகச் சேர்ந்து கட்டில் மேல் ஏற்றினோம். அரிசி மூட்டை பரணுக்குப் போனது. அப்புறம்தான் எனக்குக் கேட்கத் தோன்றியது.

"உன் வீட்டுல?"

"முட்டி வரிக்கும் வந்துட்ச்சு. அதானே உனுக்குச் சொல்ல வந்தேன்."

அவள் வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் கழித்துத்தான் எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் வரும். எல்லா வருஷமும் அப்படித்தான். எங்களுக்குக் கிடைத்த அந்த அரை மணி நேரம் அவள் வீடு முழுகி எங்களுக்குக் கொடுத்தது.

அன்று எட்டு வீட்டுக்காரர்களும் எங்கள் படிக்கட்டில் ஏறி நின்றார்கள். மூன்றாவது மாடியில் இருக்கிற எங்கள் சங்கச் செயலாளர், மென்பொருள் கம்பெனியில் பெரிய வேலை, மொட்டை மாடிச் சாவியைக் கொடுக்க யோசித்தார். கமிட்டியைக் கேட்க வேண்டுமாம். கொடுக்காவிட்டால் பூட்டை உடைப்பேன் என்று குழுவில் எழுதினேன். அந்த வரி இன்னும் அங்கேதான் இருக்கிறது, நானும் அழிக்கவில்லை. சாவி வந்தது.

மூன்று நாள் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஒரே அடுப்பு. சிலிண்டரை அவள் புருஷன் தோளில் தூக்கி வந்தார். அண்டா நிறைய உப்புமா, அடுத்த வேளை ரசஞ்சோறு, மறுபடி உப்புமா. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டார்கள், நாம் காலி என்று மாடி வீட்டுக்காரர்கள் போனைப் பார்த்துப் பதறினார்கள். "அத்தத் தொறந்தா அதுக்குக் கீழ கீறவனுக்குத்தான்" என்றாள் அவள். "நமக்கு நம்ம ஏரி." நான் கோடியைத் துணி என்று நினைத்த கதையை ஒருத்தர் விடாமல் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள். பேச்சுவாக்கில் ஒரு தடவை, "உன் ஹால் கீற எடத்துலதான் எங்கம்மா நாத்து நட்டுச்சு" என்றாள். எனக்குச் சங்கடமாகிவிட்டது. அவளுக்கு அப்படி ஒன்றும் இல்லை. "சேத்துல நின்னு நின்னு அதுக்கு இடுப்பே பூட்ச்சு. கம்பெனி எவ்ளோ தேவலாம்" என்று சொல்லிவிட்டு அண்டாவைக் கழுவப் போனாள்.

மாடியிலிருந்து இறங்கியபோது நான் அக்கா ஆகியிருந்தேன்.

அடுத்த இரண்டு வருஷமும் அவள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, "எக்கா, கோடி" என்பாள். நான், "யாருக்கு?" என்பேன். அவள் ஏரிக்கு என்று பதில் சொல்லி முடிப்பதற்குள் நான் போர்வையைக் கிழித்துக்கொண்டிருப்பேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஐப்பசி பிறந்தால் எனக்கு உள்ளூர ஓர் ஆவல். வீடு நாறும், கதவு உப்பும், ஒரு வாரம் பினாயில் போட்டுத் தேய்க்க வேண்டும். எல்லாம் தெரிந்தும் அந்த மூன்று நாளுக்காகக் காத்திருந்தேன். இந்த ஊரில் எனக்கு வேறு யார் இருந்தார்கள்.

மூன்றாவது வெள்ளம் வடிந்த பிறகு செயலாளர் ஒரு மனு எழுதினார். நல்ல தமிழில் எழுதியிருந்தார், அதையும் சொல்ல வேண்டும். ஒரு நோட்டில் ஒட்டி, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கிவரச் சொல்லி, படிக்கட்டைப் பெருக்க வந்தவளிடமே கொடுத்தார். அவள் என் கதவைத் தட்டி நோட்டை நீட்டினாள். எழுத்துக் கூட்டிப் படிப்பாள், நீள வார்த்தை வந்தால் என்னிடம் தருவாள்.

"இன்னாக்கா எழுதிகீது?"

உபரிநீர் கால்வாயில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றி நீர்வழியைச் சீரமைக்க வேண்டுகிறோம் என்று இருந்தது. படித்துக் காட்டினேன்.

"அப்டீன்னா?"

"தண்ணி போற வழிய சுத்தம் பண்ணச் சொல்லியிருக்கு. பண்ணினா நம்ம வீட்டுக்குள்ள வராது."

"நல்லதுதான். எட்டு ஊட்டுக்கும் நல்லது. நானும் போடட்டா?"

"போடேன்."

உபரிநீர்க் கால்வாய் என்றால் எங்கேயோ அதிகாரிகளின் வரைபடத்தில் இருக்கிற பெரிய கால்வாய் என்றுதான் நான் நினைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஓடுவது கோடிக்கால். இரண்டும் ஒன்று என்று அந்த நிமிஷம் எனக்கு உறைக்கவே இல்லை. ஆனால் 'உபரிநீர் கால்வாய்' என்று ஒற்று இல்லாமல் எழுதியிருந்தது மட்டும் கண்ணில் உறுத்தியது. பேனாவை வாங்கி நடுவில் ஒரு 'க்' போட்டேன். பிறகு கையெழுத்துப் போட்டேன். எனக்குக் கீழே அவள் தன் பெயரை நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். எழுதிவிட்டு, சரியாக இருக்கிறதா என்று என்னிடம் காட்டினாள். சரியாக இருக்கிறது என்றேன்.

சித்திரையில் அதிகாரிகள் வந்து அளந்தார்கள். எட்டு வீட்டுச் சுவரிலும் சிவப்புப் பெயிண்டில் எண் எழுதினார்கள். அவள் நோட்டீஸை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம்தான் வந்தாள். பிரித்துப் படித்தேன். உபரிநீர்க் கால்வாய் ஆக்கிரமிப்பு என்று இருந்தது, நான் போட்ட 'க்' உட்பட. பொதுமக்கள் அளித்த மனுவின் பேரில் என்றும் இருந்தது. கோடிக்காலும் அதுவும் ஒன்று என்று அப்போதுதான் உறைத்தது.

"வீட்டைக் காலி பண்ணச் சொல்றாங்க" என்றேன். "வேற இடத்துல வீடு தர்றாங்களாம்."

"யாரோ மனு குடுத்தாங்கோன்னு அளக்க வந்த ஆள் சொன்னாரே. யாருன்னு போட்டுகீதா?"

நான் நோட்டீஸை மடித்தேன். "போடலை" என்றேன். பொய் இல்லைதான், பெயர் எதுவும் போடவில்லை. அவளாக ஒரு முடிவுக்கு வந்தாள். நாலாவது வீட்டுக்காரி, சாக்கடைத் தகராறில் இவளோடு சண்டை போட்டவள், அவள்தான் மனு கொடுத்திருப்பாள் என்றாள். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மிச்சமிருந்த நாட்களில் அந்த இரண்டு வீட்டுக்கும் தினம் சண்டை நடந்தது. ஜன்னலைச் சாத்திக்கொண்டு நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன். வைகாசியில் ஒரு காலை அவள் பாத்திரமும் பீரோவும் மினி லாரியில் ஏறின. பத்து மணிக்கு மேல் ஜேசிபி வந்தது.

இந்த ஐப்பசியில் ஏரி நிரம்பிய அன்று காலையில் போன் பண்ணினாள்.

"கோடி போச்சாக்கா?"

"போச்சு."

"உள்ள வந்துச்சா?"

"வரலை."

"நல்லதுக்கா" என்றாள். நிஜமாகவே சந்தோஷப்பட்டுத்தான் சொன்னாள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். நகரத்தின் இன்னொரு மூலை, மூன்று பஸ் மாற வேண்டும். ஒரே மாதிரி கட்டடங்களில் தேடி, மூன்றாவது மாடி ஏறினேன். ஒரு அறை, ஒரு சமையல் மேடை, பீரோவை வைத்தால் நடக்க இடமில்லை. கம்பெனி வேலை போய்விட்டது, அங்கிருந்து அம்பத்தூர் போய்வர முடியாது. என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. டீ போட்டாள். டீயைக் குடிப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். குடித்துவிட்டால் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

"எந்த மனு?" என்றாள்.

"நீ நோட்டுல எடுத்துட்டு வந்தியே, அது."

"அதுல நானும் போட்டேனே."

"ஆமா."

"உபரின்னா கோடியா?"

"ஆமா. எனக்கு அப்பத் தெரியாது."

"நோட்டீஸ் படிச்சப்போ?"

நான் டீ டம்ளரைக் கீழே வைத்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. கையெழுத்துக்காக அவள் என்மேல் கோபப்படவில்லை. "அப்பவே சொல்லிருக்கலாம்ல" என்றாள். "ஆறு மாசமா அவளோட பேச்சில்லக்கா. எதிர் ஊட்லதான் கீறா. அவ புருசன் ஆசுபத்திரில கெடந்தப்போ கூட நான் போவல."

எழுந்து வெளியே போனாள். எதிர்க் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. கதவு திறந்தது. தாழ்ந்த குரலில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள், நடுவில் ஒருத்தி அழுதாள், யார் என்று தெரியவில்லை. அவள் திரும்பி வர வெகுநேரமானது. நான் அந்த அறையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். அத்தனை வருஷத்தில் அவள் வீட்டுக்குள் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட வந்தாள். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. பஸ் தூரத்தில் தெரிந்தபோது, "ஒரு தடவை வீட்டுக்கு வாயேன். வந்து ரெண்டு நாள் இரு" என்றேன். கெஞ்சுகிற குரலாகத்தான் இருந்திருக்கும்.

"வரலக்கா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "வந்தா என் ஊடு இல்லாத எடத்தப் பாக்கணும். நீதான் தெனம் பாத்துகினு கீறல்ல. ஒராள் பாத்தா போதும்."